ஐம்பது வருடம் பிந்திய செத்தவீடு

சுவிசில் எங்கள் பூம்ப்ளிஸ் மாடிக்கட்டடத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பது சட்டி இறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் மாடிச் செல்வராணி அன்ரி என்றால் சும்மாவா?

அன்று சனிக்கிழமை. யேசுதாசன் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. என் கழுத்துத்தான் கொஞ்சம் நீண்டது. மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் படம். அதற்கு மாலை, மெழுகுதிரி. பக்கத்தில் யேசுதாசனின் மனைவி ஐலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஐலீன் ஸ்கொட்லாந்துக்காரி, கலியாணம் கட்டி எங்கள் தமிழைப் பழகியவள். 'ஐயோ, தகப்பன் போயிட்டார்!' என்று முடிவு கட்டினேன். கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் கதை சுவைக்காதே!

செத்தவீட்டில் சமைக்கமாட்டார்கள், அயலவர்தான் கொடுக்கவேண்டும். எல்லோருக்கும் போன் போட்டேன். மதியம் பதினொரு பேர் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் தூக்கிக்கொண்டு, அழுத முகத்தோடு போய் நின்றோம்.

ஐலீன் திகைத்தாள். "ஆர் செத்தது?"

"உங்கட அப்பா..." என்று இழுத்தார் தில்லைநாதன் அண்ணை.

"அப்பா இப்பதானே போனில கதைச்சவர்!"

"அப்ப ஆர் இந்தக் கதையைக் கட்டினது?" அண்ணை எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

என் காது சுட்டது. ஐலீனின் மகள் றோஷினி, பத்து வயது, என்னையே பார்த்தாள். காலையில் கதவிடுக்கில் என் மூக்கைக் கண்டவள் அவள். முடிந்தது என் மானம்!

"இவர் செத்தது உண்மைதான், மாமா," என்றாள் றோஷினி. "ஐம்பது வருசத்துக்கு முந்தி. அம்மாவின்ர பூட்டன், அங்கஸ். நூற்றிரண்டு வயசு வரைக்கும் இருந்தவர். படம் இண்டைக்குத்தான் தபாலில வந்தது. நான்தான் மாலை போட்டனான். திங்கட்கிழமை வகுப்பில இவரைப் பற்றிக் கதைக்கோணும். இருந்து கேளுங்கோவன்."

இருந்தோம். அங்கஸ் பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவராம். உள்ளே வண்டி இழுக்கும் குதிரைக்குத் தன் மதியச் சாப்பாட்டுப் பாணில் பாதியைக் கொடுப்பாராம்.

"அவ்வளவு காலம் இருக்க என்ன சாப்பிட்டவர்?" ராஜேஸ்வரி அக்கா கேட்டாள்.

"ஒவ்வொரு காலையும் கஞ்சி."

"கஞ்சியோ! அப்ப எங்கட ஆள்தான்!"

வீடே சிரித்தது. ஐலீன் மட்டும் மறுபடி கண்ணைத் துடைத்தாள்.

"அவரை அடக்கம் செய்யேக்க சரியான பனியாம். நாலு பேர்தான் போனவை. இண்டைக்கு நீங்கள் பதினொரு பேர். நன்றி."

சாப்பிட உட்கார்ந்தோம். றோஷினியின் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம் வைத்தேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக நானும் யாருக்கும் சொல்லவில்லை.