மணமகள் அறையின் வெளித்தாழ்ப்பாள்

நாங்கள் அந்த மண்டபத்தில் போய் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். அப்பா, என் தங்கை எழில்மொழி, நான். கொளுத்துகிற வெயில். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் ஆட்டோ முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. அன்றைக்கு நாங்கள் பார்க்கிற மூன்றாவது மண்டபம் அது.

முதலில் பார்த்தது திருவொற்றியூர் தேரடி பக்கம். ஏசி, லிஃப்ட், வாசலில் கண்ணாடிக் கதவு, நூறு வண்டி நிறுத்த இடம். எழில் மேடையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இரண்டாவது, கல்மண்டபம் ஏரியாவில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், ஆனால் ஒரு பந்தியில் எண்பது பேருக்கு மேல் உட்கார முடியாது. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆட்டோவில் வரும்போது, அந்தத் தேரடி மண்டபத்தையே பேசி முடித்துவிடலாமா என்று கேட்டார்.

"சின்னவளுக்காவது நல்லா செஞ்சிடணும்மா" என்றார் என்னிடம்.

சின்னவளுக்காவது. அந்த 'ஆவது'வை ஆட்டோ நிற்கும்வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என் கல்யாணம் கொரோனா ஊரடங்கில் நடந்தது. முன்பணம் கட்டிய மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இருபது பேர் முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தாலி ஏறியது. மேளக்காரர்கள் வரமுடியவில்லை. கொழுந்தன் தன் செல்போனில் கெட்டிமேளம் போட்டான். அதுவும் நடுவில் ஒரு விளம்பரம் வந்து நின்றுபோனது. எனக்குக் கல்யாண ஆல்பம் என்று ஒன்று கிடையாது. எழிலுக்கு ட்ரோன் கேமரா பேசியிருந்தார்கள்.

பொறாமைதான். அதற்கு வேறு அழகான பெயர் வைக்க எனக்கு இப்போது மனசில்லை.

மூன்றாவது மண்டபத்தின் பெயர் மங்களவல்லி மகால். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே பழைய கட்டடம். உப்புக் காற்றில் சுவரெல்லாம் பொரிந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை, பழைய எண்ணெய்ப் புகை, அதற்கடியில் வாடிய மல்லிகை. எழிலின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த நிமிடமே இதுதான் என்று முடிவு செய்தேன்.

மேனேஜர் அப்பாவையும் எழிலையும் சமையல்கட்டைக் காட்ட அழைத்துப் போனார். நான் முகம் கழுவலாமென்று மேடைக்குப் பக்கத்தில் இருந்த மணமகள் அறைக்குள் போனேன். ஜன்னல் இல்லாத அறை. குழல்விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. ஆள் உயரக் கண்ணாடியின் ஓரம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். இத்தனை வருடமாக வந்த கல்யாணப் பெண்கள் முகம் கழுவும்போது ஒட்டி, எடுக்க மறந்தவை. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, அரக்கு நிறத்தில் பெரிய வெல்வெட் பொட்டு ஒன்று. மற்றவற்றின் மேல் தூசி படிந்திருந்தது. அதன் மேல் இல்லை.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளிப்பக்கம்தான் இருந்தது. பெண் மேடைக்குப் போனபின் நகைநட்டுக்குப் பத்திரமாகப் பூட்டுவதற்காம். அந்த வெல்வெட் பொட்டைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

"அத்தத் தொடாத" என்றது ஒரு குரல்.

துடைப்பத்தோடு ஒரு அம்மா நின்றிருந்தாள். மண்டபத்தைப் பெருக்கிக் கழுவுகிற சொக்கம்மாள். முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறாளாம். கல்யாணப் பெண் யாரென்று கேட்டாள். சமையல்கட்டில் தன் அப்பா கூட நிற்கிறவள் என்றேன்.

"நீ இன்னா வேணும் அதுக்கு?"

அக்கா என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. கூட வேலை பார்க்கிற பிரண்டு என்றேன்.

"அப்ப சரி. அதுக்குக் கூடப்பொறந்த அக்கா கீதுன்னா மட்டும் சொல்லிடும்மா. அக்கா கீற வூட்டுக்கு இத்தக் குடுக்க வாணாம்னு மேனேஜராண்ட எத்தினி தபா சொல்லிட்டேன், கேட்டாத்தான."

பிறகு அவளாகவே தாழ்ந்த குரலில் சொன்னாள். இருபது வருடத்துக்கு முன் இங்கே ஒரு கல்யாணம். பெண் இந்த அறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவள், வலிப்பு வந்து விழுந்தாள். மூச்சில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெளியே அறுநூறு பேர், இறக்கி வைத்த சாம்பார், முகூர்த்தம் முடிய அரை மணி. பெரியவர்கள் கூடிப் பேசி, விஷயத்தை அமுக்கி, அவள் தங்கையை மணையில் உட்காரவைத்தார்கள். இந்தக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

"தாலி கட்ற நேரத்துல உள்ளேந்து கதவத் தட்டுச்சும்மா. பாப்பா, பாப்பான்னு தங்கச்சியக் கூப்டுச்சு. நான் கேட்டேன். ஓடிப்போய் சொன்னேன். கெட்டிமேளம் கெட்டிமேளம்னு அத்தினி பேரும் கைய ஆட்டிட்டாங்க."

கெட்டிமேளம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ, ஆகாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்கு.

கதவைத் திறந்தபோது அவள் நிஜமாகவே செத்திருந்தாள். கதவில் நகக்கீறல். நெற்றிப்பொட்டு கண்ணாடியில் இருந்தது.

"அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. அக்காகாரிக்கு வயிறு எரிஞ்சுதுன்னா மட்டும் அதுக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு சொக்கம்மாள் பெருக்கப் போனாள்.

எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் வெளியே வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவை உட்காரவைத்து விவரமாகப் பேசினேன். பந்திக்கு இருநூற்றைம்பது பேர், போர் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை, ஜெனரேட்டர் இருக்கிறது, நாம் கேட்ட முகூர்த்தம் காலியாக இருக்கிறது, வாடகை தேரடி மண்டபத்தில் கேட்டதில் பாதி. ஏசிக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பந்தியே போடலாம். ஒவ்வொன்றும் உண்மை. அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

எழில் மேடையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், நைனா."

ஒரு நாளைக்கு நூறு முறை அக்கா அக்கா என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆவணி முகூர்த்தம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது. மாப்பிள்ளை சித்தார்த், புளியந்தோப்பு, ரயில்வேயில் வேலை. மண்டபத்தை விளக்கும் பூவும் போட்டு மறைத்துவிட்டார்கள். நான் நினைத்ததுபோல அசிங்கமாக இல்லை. அதுவே எனக்கு ஆறவில்லை.

எட்டு மணிக்கு மணமகள் அறையில் நானும் அவளும் மட்டும். அலங்காரம் செய்த பெண் போய்விட்டாள். எழில் நெற்றியில் வெள்ளைக்கல் பொட்டு மின்னியது.

"நல்லா கீறனாக்கா?"

நன்றாகத்தான் இருந்தாள். என் வாழ்க்கையில் நான் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது.

அப்போது குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேர் தெரிந்தோம். எங்களுக்குப் பின்னால் மல்லிகை வாடை வந்தது, எழில் தலையில் இருந்த புதுப்பூ வாடை அல்ல.

"காபி எடுத்தாறேன்" என்று கிளம்பினேன்.

"போவாதக்கா. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்பால சொல்லு."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று என்று சொன்னால் அது பொய். நான்தான் போட்டேன். ஐந்து நிமிடம் உள்ளே கிடந்து தவிக்கட்டும், பெண்ணை அழைத்து வா என்று ஐயர் கத்தட்டும், ஒரு சின்னக் குறையாவது இவள் கல்யாணத்தில் இருக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

சமையல்கட்டில் நின்று ஒரு டம்ளர் காபி குடித்தேன். அது இறங்கியதும் வெட்கமாகிவிட்டது. திரும்பி ஓடி வந்தேன்.

எழில் மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

தலை குனிந்து, மாலையும் கழுத்துமாக. யாரோ திறந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அப்பாடா என்றிருந்தது. அம்மா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தை விலக்கி மேடை ஓரம் போனேன். அங்கிருந்து மணமகள் அறை தெரிந்தது.

வெளித்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. மூன்று முறை.

"அக்கா. கதவு தொறக்க மாட்டேங்குது."

அது என் எழிலின் குரல்.

மேடையைப் பார்த்தேன். மணையில் இருந்தவள் தலையை நிமிர்த்தி என்னைத்தான் பார்த்தாள். எழிலின் கண், எழிலின் மூக்கு, எழிலின் புடவை. நெற்றியில் அரக்கு நிறத்தில் பெரிய வெல்வெட் பொட்டு.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார் ஐயர்.

தவில் இடியாக இறங்கியது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் உப்பில் துருவேறி இறுகிக் கிடந்தது, சற்று முன் நானே போட்டதுபோல இல்லை. கதவு என் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது. அக்கா, அக்கா என்று உள்ளே அவள் கூப்பிட்டாள். இரண்டு கையாலும் இழுத்தேன். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

மேளம் நின்றது. தாழ்ப்பாள் நழுவித் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

கண்ணாடியின் உச்சியில், வெல்வெட் பொட்டு இருந்த இடத்தில், வெள்ளைக்கல் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கதவின் உள்பக்கம் புதுக் கீறல்கள். நாற்காலியில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் இரண்டு ரோஜா மாலை. மேலே எழில் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அக்காவுக்கும் மாமாவுக்கும். தாலி கட்டி முடிஞ்சதும் மேடைல நிக்க வச்சு போட்டோ எடுக்கணும். அக்கா ஆல்பம் தனி.'

இதைத்தான் அவள் சொல்ல நினைத்திருக்கிறாள்.

நான் அழுததைப் பார்த்தவர்கள் தங்கையைப் பிரிகிற துக்கம் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். ஓய்வெடுக்கச் சொன்னார். சொக்கம்மாளிடம் சொன்னேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அக்கான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா" என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

புளியந்தோப்பில் இருப்பவள் நல்ல மருமகள் என்று பெயர் எடுத்துவிட்டாள். அம்மாவுக்குத் தினமும் போன் செய்கிறாள். சித்தார்த் சந்தோஷமாக இருக்கிறார். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. என்னை அக்கா என்று மட்டும் அவள் கூப்பிட்டதே இல்லை.

நான் இப்போது முகூர்த்த நாள் தவறாமல் மங்களவல்லி மகாலுக்குப் போகிறேன். யார் கல்யாணமோ, அழைப்பும் கிடையாது, சாப்பிடுவதும் கிடையாது. மணமகள் அறைக் கதவோரம் நிற்பேன். மற்ற நேரங்களில் திறந்து பார்த்தால் காலி அறைதான். மேளம் இறங்கும்போது மட்டும் எழில் தட்டுவாள். அக்கா என்பாள். நான் திறப்பதற்குள் மேளம் நின்றுவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் போகிறேன்.

போன வாரம் அப்படி நின்றிருந்தபோது பக்கத்தில் வாடிய மல்லிகை வாடை அடித்தது. பட்டுப்புடவையோடு அந்தப் புளியந்தோப்பில் இருப்பவள் வந்து நின்றிருந்தாள். ஐயர் கையை உயர்த்தினார். தவில் இறங்கியது. கதவு அதிர்ந்தது.

நான் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்து, தன் குளிர்ந்த இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். என் காதருகே குனிந்து, ஆசையாகச் சொன்னாள்.

"அதெல்லாம் காதுல வாங்காத, பாப்பா."