இருபதாம் கோடு

ஆம்ப் மீட்டரின் முள் இரண்டில் நிற்க வேண்டும். மூன்றில் நின்றது.

சூசைமேரி சேலைத் தலைப்பால் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தாள். நகத்தால் இரண்டு முறை தட்டினாள். முள் லேசாக நடுங்கிவிட்டு மறுபடியும் மூன்றிலேயே வந்து நின்றது.

பெரிய வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டே முக்கால் மணி. ஓசூர் சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அன்று மூன்றே பேர்: கண்ட்ரோல் ரூமில் அவள், கீழே பட்டறையில் அவள் புருஷன் அருள்ஜோசப், வாசலில் காவல்காரர் கரியப்பன். திங்கட்கிழமைக்குள் ஜெர்மன் மெஷினில் இரும்பு டேபிளை நகர்த்தும் திருகுத் தண்டைக் கழுவி எண்ணெய் போட்டாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஃபிட்டர் என்ற முறையில் அருள்ஜோசப் ஒப்புக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான்: சுத்தியலைத் தொடமாட்டேன். ஆண்டவர் கையில் ஆணி அடித்த நாளில் அவர்கள் வீட்டில் யாரும் எதையும் அடிப்பதில்லை, ஆட்டுக்கு முளைகூட அடிப்பதில்லை.

"அப்ப திருப்புளி?" என்று கேட்டார் கரியப்பன்.

"திருகலாங்க. அடிக்கத்தான் கூடாது."

"நல்ல சாமிப்பா உங்க சாமி. வேலைக்குத் தோதா வழி விட்டு வெச்சிருக்கு," என்று சிரித்துவிட்டு, கஞ்சி குடிக்க உத்தனப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

அதனால்தான் அந்த இரும்பு ஆப்பு இன்னும் சுவரோரம் சாய்ந்திருந்தது. மெஷினுக்குள் ஆள் இறங்கும் முன் டேபிளுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் அதை அடித்து இறுக்கிவிட்டு, மெயினை அணைக்க வேண்டும். அது பட்டறையின் முதல் சட்டம். இன்று ஆப்பு இல்லை. "கரண்டை எடுக்காத மேரி. மோட்டாரே பிடிச்சிக்கும்," என்று சொல்லிவிட்டு, அருள்ஜோசப் டேபிளின் மறுமுனைக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில் இருந்த இருபது அங்குல இடைவெளியில் மல்லாந்து நுழைந்திருந்தான்.

பிடிக்கத்தான் செய்யும். அதைச் செய்து காட்டியவர் பெங்களூரிலிருந்து மெஷினைப் பூட்ட வந்த திம்மப்பன். கண்ட்ரோல் ரூமில் கைப்பிடியைத் திருப்பி டயலில் ஓர் எண்ணை வைத்தால், கீழே இரண்டு பார வண்டி எடையுள்ள டேபிள் நகர்ந்து அதே எண்ணில் போய் நிற்கும். "சர்வோ மோட்டார் சும்மா சுத்தற மோட்டார் இல்லம்மா. நீ சொன்ன எடம் எது, நான் நிக்கற எடம் எதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். மயிரளவு வித்தியாசம் வந்தாலும் விடாது." அவளைக் கீழே கூட்டிப்போய், டேபிளைத் தள்ளச் சொன்னார். மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் முள் மட்டும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனதென்று மேலேயிருந்து அருள்ஜோசப் குரல் கொடுத்தான். "உன் பலம் ஒரு ஆம்பியர்," என்று சிரித்தார்.

ஏழாம் வகுப்போடு நின்றவளை இங்கே உட்கார வைப்பதா என்று முதலாளியிடம் முகம் சுளித்துக் கேட்டவரும் அவர்தான். ஆகவே இந்த வாரம் இரண்டு முறை, கீழே ஒருவருமில்லாதபோது முள் மூன்றைக் காட்டியபோது, அவளுக்குச் சந்தேகம் நேராக அவர்மேல் போயிற்று. மீட்டரில் ஏதோ செய்து வைத்திருக்கிறார். நான் பதறிக்கொண்டு ஓட வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். அவள் ஓடவில்லை. நோட்டில் இரண்டு என்றே எழுதினாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் திம்மப்பன் புதன்கிழமையே பெங்களூருக்குப் போய்விட்டார்.

பேசுவதற்காகப் பட்டறைக்கு இறக்கியிருந்த தகரக் குழாயில் வாயை வைத்தாள். "ஏங்க, டேபிள்ல கை வெச்சிருக்கீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"மூணு காட்டுது."

"மீட்டரு பழசு. உடு."

கண்ணாடி வழியே பார்த்தாள். கூரைக் கண்ணாடிகள் வழியாக வெயில் பட்டை பட்டையாக விழுந்துகொண்டிருந்தது. டேபிளின் இந்த முனை, தள்ளுவதென்றால் ஆள் நிற்க வேண்டிய முனை, முழுசாகத் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. அந்த முனையின் இரும்பில் காலையில் பூசிய எண்ணெய் கலையாமல் பளபளத்தது. தரையில் படிந்த இரும்புத் தூளில் ஒரு காலடிகூட இல்லை.

முள் நான்குக்கு ஏறியது.

இரண்டு பேர்.

மெயின் ஸ்விட்சுக்குக் கை போனது. பாதியில் நின்றது. எதுவோ தள்ளுகிறது. மோட்டார் தடுக்கிறது. உள்ளே படுத்திருப்பவருக்கும் அதற்கும் நடுவில் இருப்பது மோட்டார் மட்டும்தான். அணைத்தால்?

"வெளிய வாங்க."

"காலு மெஷினோட இரும்புப் பட்டைக்குள்ள மாட்டியிருக்கு. ரெண்டு நிமிசம்."

"இப்பவே வாங்க."

ஐந்து. மோட்டாரின் ரீங்காரம் அடித்தொண்டைக்கு இறங்கி, மேட்டில் பாரம் இழுக்கும் மாட்டின் மூச்சைப்போல முக்கத் தொடங்கியது. மோட்டார் சுருளின் சூடான வார்னிஷ் வாடை ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. ஆறு. டயலில் இருபது, அவன் படுத்திருந்த இடைவெளியின் அளவு. அதன் பக்கத்தில் டேபிள் உண்மையில் நிற்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு முள், இத்தனை நாளும் இருபதாம் கோட்டை விட்டு அசையாத முள், அதைவிட்டு இறங்கியிருந்தது.

"மேரி." குழாயில் அவன் குரல் மெல்ல வந்தது. "நீ திருப்பினியா?"

"இல்லீங்க."

"நெருங்கி வருதே."

எட்டு. பத்து.

ஃபியூஸ் வெடித்தது.

விளக்கு போயிற்று. மோட்டார் போயிற்று. ஆம்ப் மீட்டர் பூஜ்யத்தில் விழுந்தது. தூரத்தில், மாதா கோயிலில், அன்று அடிக்கக் கூடாத மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. மூன்று மணி. ஆண்டவர் உயிர்விட்ட நேரம், ஊர் முழுக்க முழங்காலில் இருக்கும் நேரம்.

ஆப்பு. கீழே ஓட வேண்டும். அடிக்க வேண்டும். பாவமானால் ஆகட்டும். குழாயில் பேசும்போது டயலின் கைப்பிடியில் ஊன்றியிருந்த கையை எடுக்கப் போனாள்.

கைப்பிடி திரும்பியது.

கரண்டு இல்லாத கைப்பிடி. கம்பிகளைத் தவிர மெஷினோடு எந்தத் தொடர்பும் இல்லாத கைப்பிடி. அவள் உள்ளங்கைக்குள் அதுவாகத் திரும்பியது. பூஜ்யத்தை நோக்கி.

இரண்டு கையாலும் பற்றினாள். பாதத்தைச் சுவரில் ஊன்றினாள். நின்றது.

"நின்னுடுச்சு மேரி," என்றான் அருள்ஜோசப். மூச்சு அடைத்துக்கொண்டு வந்தது. "நெஞ்சுகிட்ட நிக்குது. என்னா செஞ்சியோ அப்படியே வெச்சிரு. உட்டுடாத."

விடவில்லை. கைப்பிடியில் வந்த பலம் இயந்திரத்தின் பலம் இல்லை. தள்ளியது. சற்று ஓய்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. மறுபடி தள்ளியது.

"கரியண்ணே," என்று கத்தினாள். வாசல் காலியாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில். ஆளில்லாத தரை. டேபிளின் முனையில், கலையாத எண்ணெயில், ஒரு கை பதிந்தது. ஐந்து விரலும் விரித்த உள்ளங்கை. கைப்பிடி கனத்தது. பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒன்று. கைப்பிடி இன்னும் கனத்தது.

இடம் பிடித்துக்கொள்வதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக, கைகள் பதிந்துகொண்டே இருந்தன.