கம்பி மேல் இன்னும் மூன்று விரல்கள்

அன்றைக்கு ஜகபர் சாதிக்கின் கிட்டார் முதல் முறையாகச் சுத்தமாக ஒலித்தது. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

இடது கைச் சுண்டுவிரலில் ஒரு ஸ்டீல் குழாயை மாட்டிக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே, வலது கையின் வெறும் விரல்களால் மீட்டுவான். குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்களை லேசாகக் கம்பியில் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாத சத்தமெல்லாம் கரகரவென்று கிளம்பும். அந்த விரல்களை அந்தரத்தில் தூக்கி வைத்திருப்பது சாதிக்கின் தீராத வியாதி. "டேய், பின்னாடி அமுக்குடா, காது கிழியுது" என்று கூட வாசிக்கும் பிரான்சிஸ் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இன்றும் விரல்கள் அந்தரத்தில்தான் இருந்தன. கரகரப்பைக் காணோம்.

திண்டிவனத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த அறை அது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலை அடைத்து, ஷட்டரையும் இறக்கிவிட்டுத்தான் ப்ளூஸ் இசை வாசிக்க உட்காருவார்கள். மதிய வெக்கையில் பசையும் வியர்வையும் ரப்பர் வாடையும் கலந்து தொண்டையைக் கமறியது. பிரான்சிஸ் இன்னொரு கிட்டாரிலும் பிரவீன்குமார் டிரம்ஸிலும் தாளம் ஓட்டினார்கள். ஒருவன் தனியாக வாசித்தால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவனாகக் கையெடுக்கும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பர்வீன் தலைப்பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். "நாளைக்குதான்னு டாக்டரே சொல்ட்டாங்க. போய்ட்டு ஜல்தியா வந்துடுங்க" என்று அவளேதான் அனுப்பினாள். முதல் ரிங்கிலேயே எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

ஆம்ப்ளிஃபயர் மேலிருந்த போன் ஒளிர்ந்தது. மாமியார் ஹலீமா பீவி.

கையெடுக்கப் பார்த்தான். வரவில்லை. குனிந்தான். அவன் விரல்களுக்கு அடியில், கம்பிகளின் மேல், இன்னும் மூன்று விரல்கள் படுத்திருந்தன. ஈரமாக, சாம்பல் நிறத்தில். ஒன்றிலும் நகம் இல்லை. அவற்றோடு சேர்ந்த கை எங்கே என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வலது கை அவனைக் கேட்காமலே மீட்டிக்கொண்டிருந்தது.

போன் அடங்கியது. மறுபடி ஒளிர்ந்தது.

"பிரா..."

அவ்வளவுதான். அவன் தொண்டையின் மேல் சில்லென்று மூன்று விரல்கள் வந்து படுத்தன. நெரிக்கவில்லை. லேசாகத் தொட்டன. குரல் அங்கேயே அடங்கிவிட்டது. பயத்தில் கண்ணீர் முட்டியது. மற்ற இருவரும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ப்ளிஃபயர் மேல் போன் அதிர்ந்து நகர்ந்தது. பிரவீன்குமார் கண் திறந்தான். சாதிக்கை நேராகப் பார்த்தான். சிரித்தான். அந்த விரல்கள் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு கையால் தாளத்தை ஓட்டிக்கொண்டே எட்டிப் போனை எடுத்தான்.

"அம்மா, சாதிக்கு வாசிச்சிக்கினு இருக்கான். ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லுங்க."

"மாப்ளே! பொம்பளப் புள்ள! பர்வீனும் நல்லா இருக்கா. தோ புள்ள அழுவுறா, கேளுங்க!"

வீறிட்ட அழுகை அறையை நிறைத்தது. தன் மகள். சாதிக்கின் நெஞ்சு விம்மியது.

தொண்டையிலிருந்து ஒரு விரல் எழுந்தது. அடுத்தது. அடுத்தது. கம்பிகளின் மேலும் எதுவும் இல்லை. கிட்டார் கரகரத்தது. தப்பித்தோம் என்று மூச்சை இழுத்தான்.

போனில் அழுகை பாதியில் நின்றது.

"மாப்ளே..." ஹலீமா பீவியின் குரல் நடுங்கியது. "வாயத் தொறந்து அழுதுக்கினுதான் இருக்குது புள்ள. சத்தம் மட்டும் வரல. கழுத்துல... அல்லா... கழுத்துல மூணு எடத்துல குழி வுழுது."