அண்ணி விட்ட கயிறு

"நான் வரலை. இன்னைக்கு மட்டுமில்ல... இனிமே வரவே மாட்டேன்!"

அண்ணி இப்படிச் சொன்னபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. வாசலில் ஷூ மாட்டி நின்ற சின்னவள், முழ நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை அண்ணிக்காக நீட்டியபடியே இருந்தாள்.

சின்னவள், அண்ணியின் கணவனுக்குத் தங்கை. பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் கால்களா அவை! நாலு வருஷமாக விடியற்காலையில் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கூடவே ஓடியவள் அண்ணிதான். மைதானம் ஒரு சுற்று, நானூறு மீட்டர். தேர்வுப் போட்டிக்கு இன்னும் பத்தே நாள். எழுபத்திரண்டு நொடிக்குள் ஓடினால்தான் அணியில் இடம்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அண்ணி?"

"வீட்டு வேலையே தலைக்கு மேல கிடக்கு. எனக்கும் உடம்புதானே! உங்க கோச் வேற ஆளை அனுப்பறாராம், போ."

மாமியார் விடுவாளா?

"பத்து நாள் இருக்கறப்பதான் உடம்பு ஞாபகம் வந்துச்சாக்கும்! நீ பெத்த பொண்ணா இருந்தா இப்படி நட்டாத்துல விடுவியாடி?"

"விடுங்கம்மா!" சின்னவள் நீட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டாள். "யார் வந்தா என்ன... நான் ஓடிக் காட்டறேன்!"

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, வழிந்த பாலைத் துடைத்தாள். ஒரு மாதத்துக்கு முன் பயிற்சியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் வேகம் இருக்கு. நீங்க ஈடுகொடுக்க முடியாமதான் எழுபத்தஞ்சுலயே நிக்குது." இதைச் சின்னவளிடம் சொல்ல முடியுமா? அண்ணி இல்லாவிட்டால் ஓட்டமே வேண்டாம் என்று கயிற்றைச் சுருட்டி எறிகிற ரகம் அவள். அதனால் கெட்ட பேரை அண்ணியே எடுத்துக்கொண்டாள். நாலு வருஷம் ஓடியதைவிடவா இது கஷ்டம் என்று நினைத்தாள். கஷ்டமாகத்தான் இருந்தது.

பத்து நாளும் அந்த வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கணவன்கூடக் கேட்டுவிட்டான். ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வரும். பழக்கதோஷத்தில் ஷூவை மாட்டுவாள், கழற்றுவாள். துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைப்பாள். சின்னவள் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை காது வாசலிலேயே இருக்கும்.

போட்டி அன்று மாமியார் ஒரே போடாகப் போட்டாள்: "நீ அங்க வந்து நிக்காதே!"

போகாமல் இருக்க முடியுமா? கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். விசில் ஒலித்தது. சின்னவளும், அண்ணிக்குப் பதிலாகக் கோச் அனுப்பிய நர்ஸ் பெண்ணும் ஒரே கயிற்றில் பாய்ந்தார்கள். கடைசி வளைவில் சின்னவளின் கால் ஒரு கணம் தடுமாறியது. ஐயோ! அண்ணி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. முன்னிலும் வேகமாகப் போனாள்!

"எழுபத்தொன்று!" ஒலிபெருக்கி அலறியது.

போதும் என்று அண்ணி திரும்பி நடந்தாள்.

"அண்ணீ! எங்க இருக்கீங்க? வந்திருப்பீங்கன்னு தெரியும்!" சின்னவளின் குரல் கேட்டு அண்ணி வேலியருகே நின்றுவிட்டாள்.

மாமியார் திகைத்தாள். "அவளை எதுக்குடி தேடறே?"

"அம்மா, பிறந்ததிலேருந்து எல்லாரும் என்கிட்ட சொன்னது ஒரே வார்த்தை. மெல்ல! மெல்ல நட, மெல்ல உக்காரு... மெல்லச் சிரின்னுகூட சொல்லியிருக்கே நீ! அண்ணி வந்தப்புறம் அதைக் கேக்காத ஒரே இடம் இந்த மைதானம். அதுக்குத்தான் ஓடறேன். அண்ணிக்கு முன்னாடி கயிறு பிடிச்சவங்க எல்லாம் வளைவு வந்தா 'மெல்ல'ம்பாங்க. இந்த அக்கா முதல் நாளே 'வளைவு... பறடி!'ன்னாங்க. எங்க அண்ணியைத் தவிர வேற யார் அப்படிச் சொல்லிக் கொடுப்பா? ஓடி முடிச்சுட்டுச் சண்டை போடலாம்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

நர்ஸ் தலை குனிந்தாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. ஒரு மாசமா மத்தியானம் மத்தியானம் தன் கண்ணைத் துண்டால கட்டிக்கிட்டு, உங்க பொண்ணு மாதிரியே என்கூட ஓடிப் பழக்கினாங்க. ரெண்டு தடவை விழுந்து முட்டியைக் கிழிச்சுக்கிட்டாங்க..."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகளின் முட்டியில் இருந்த துணிக்கட்டைப் பார்த்து, 'கண்ணை எங்கடி வச்சுக்கிட்டு நடக்கறே?' என்று அவள்தானே திட்டினாள்! வேலிக்கு ஓடி, கம்பி வழியே மருமகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாவி... என்னென்ன பேசிட்டேன்!"

"சொல்லியிருந்தா உங்க பொண்ணு ஓடியிருக்க மாட்டா அத்தை."

அதற்குள் நர்ஸின் கையைப் பிடித்து வெளியே வந்த சின்னவள், அண்ணியைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"நானும் ஒண்ணு மறைச்சேன் அண்ணி. உங்களுக்கு மூச்சு வாங்கறது எனக்குக் கேக்கும். நான் வேகமெடுத்தா நீங்க விலகிடுவீங்கன்னு பயந்து அடக்கிக்கிட்டே ஓடினேன்..."

"அடிப்பாவி!" முதுகில் ஓர் அடி வைத்தாள் அண்ணி. அடித்த கையாலேயே அணைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குக் கிளம்பியபோது சின்னவள் கயிற்றின் மறுமுனையை அண்ணியின் கையில் திணித்தாள். முட்டியில் இன்னும் வலி போகவில்லை. ஆனாலும் பழக்கத்தில் அண்ணியின் நடை வேகமெடுத்தது. கயிறு பின்னால் இழுபட்டது.

"மெல்ல, அண்ணி."

அண்ணி நின்றாள். "என்னடி சொன்னே?"

"மெல்ல நடங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."