மாமியார் சொன்ன நன்றி

விடிந்ததிலிருந்து நின்ஃபாவுக்கு அர்ச்சனைதான். ஆனால் இன்று திட்டியது மாமியார் எமெரென்சியா அல்ல, நாத்தனார் சுல்மா!

"அம்மா இன்னிக்குத்தான் உன்கிட்ட வாய் நிறைய நன்றி சொல்லுது. அது பொறுக்கலையா உனக்கு? ஆஸ்பத்திரியில தள்ளிட்டு வீட்டைச் சுருட்டலாம்னு பாக்குறியா அண்ணி?"

நின்ஃபா மாமியாரைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினாள். கணவன் அனிபால் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். சுல்மாவும் தொற்றிக்கொண்டாள்.

அந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். என்கார்னசியோன் நகரமே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருமிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் இல்ல. லேசா இருமல்தான். பெஞ்சுல உக்காருங்க," என்றாள் நர்ஸ்.

"கேட்டியா? வாம்மா, வீட்டுக்குப் போலாம்!" சுல்மா தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

நின்ஃபா அந்தப் பக்கம் வந்த டாக்டரை ஓடிப்போய் மறித்தாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்... அத்தைக்குப் புத்தி தடுமாறுது!"

"எங்கம்மாவைப் பைத்தியம்ங்கிறியா?" அனிபால் சீறினான்.

"காலையில மாத்தே டீ ஊத்திக் குடுத்தேன். குடிச்சிட்டு நன்றின்னு குடுவையைக் குடுத்தாங்க. சரி, போதும்னுட்டாங்கன்னு எடுத்து வச்சா, மறுபடி கையை நீட்டுறாங்க. மறுபடி நன்றி, மறுபடி கை... ஆறு தடவை! நன்றி சொன்னப்புறம் குடுவையைத் தொடக் கூடாதுன்னு, கல்யாணமாகி வந்த மறுநாளே அத்தனை பேர் முன்னால என்னை அழ வச்ச மனுஷி இவங்க!"

டாக்டர் நின்றுவிட்டார். அவரும் மாத்தே குடித்து வளர்ந்தவர்தானே! மாத்தே குடிக்கும்போது 'நன்றி' என்றால், 'போதும், இனி ஊற்றாதே' என்றுதான் அங்கே அர்த்தம். குனிந்து கேட்டார்.

"அம்மா, இது எந்த இடம்?"

"சர்ச்சு," என்றாள் எமெரென்சியா இனிமையாக. "பாதிரியார் வந்தாச்சா?"

சுல்மாவின் கை தானாகப் பிடியை விட்டது.

அதன்பின் எல்லாம் ஓட்டம்தான். டாக்டர் மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்தி நாலு! ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தி நாலு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெளுத்துக் கிடந்தது.

"நிமோனியா. வயசானவங்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது, முதல்ல புத்திதான் குழம்பும். ரத்த அழுத்தமும் விழுந்துட்டே இருக்கு. உடனே ஊசி மருந்து ஏத்தணும். பென்சிலின் ஒத்துக்குமா?"

பெற்ற பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒத்துக்காது டாக்டரம்மா," என்றாள் நின்ஃபா. "ஒரு தடவை முகமெல்லாம் வீங்கி மூச்சே நின்னுபோகப் பாத்துச்சு."

வேறு மருந்து ஏறியது. "வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருந்தா, இன்னிக்குச் சாயந்திரம் தாங்கியிருக்க மாட்டாங்க," என்றார் டாக்டர். அனிபால் தலை நிமிரவில்லை.

மூன்றாம் நாள் காலை, எமெரென்சியா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

"அறிவிருக்காடி உனக்கு? இந்தக் கிழிஞ்ச நைட்டியோடவா என்னை ஊர் முழுக்க இழுத்துட்டு வந்தே?"

நின்ஃபா ஓவென்று அழுதுவிட்டாள். போன உயிர் திரும்பி வந்துவிட்டதே!

"அண்ணியைத் திட்டாதேம்மா!" சுல்மாவும் விம்மினாள். "நாங்கதான் பாவிங்க... அண்ணி இல்லேன்னா இன்னிக்கு நீ இல்ல."

கிழவி மருமகளை உற்றுப் பார்த்தாள்.

"இவங்களுக்குத் தெரியாதது உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"என்கிட்ட அன்பா பேசினீங்க அத்தே..." நின்ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயந்துட்டேன்."

எமெரென்சியாவின் உதடு துடித்தது.

"அப்படியாடி உன்னை வச்சிருந்தேன், இத்தனை வருஷமா..."

ஊசி குத்திய கையாலேயே மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.