கொளஞ்சி சொல்லுச்சு

“அய்யய்ய... இதெல்லாம் ஒரு கேமா?”

காதோரம் கேட்ட குரலில் திடுக்கிட்டுத் திரும்பினாள் ஆக்னஸ். அந்த நொடியில் அவள் விரல் தவறான மிட்டாயைத் தொட்டுவிட்டது. அவ்வளவுதான்... காலையிலிருந்து கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த ஆட்டம் காலி.

ஜங்ஷன் ரோட்டில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பூட்டிக் கிடந்த பேக்கரியின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று இவள். இன்னொன்று, தலை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, அடுத்தவர் போனை எட்டிப் பார்த்து அபிப்பிராயம் வேறு சொல்லும் அந்த மகராசன்!

“ஒங்கள யாருங்க கேட்டா?”

“கேட்டாத்தான் சொல்லணுமா? மூணு மிட்டாயச் சேத்து வச்சா ஒடையுது. ஒடைஞ்சா மேலேர்ந்து இன்னும் மூணு வுழுது. இதுல என்னாங்க இருக்குது?”

“பொறுமை இருக்குது. அது இருக்கிறவங்க வெளையாடறது. நீங்க எதுல பெரிய ஆளு... பப்ஜியா?”

“பின்ன?”

“நெனச்சேன். புதருக்குள்ள பதுங்கிக் கெடந்து, வர்றவன முதுகுல சுடணும். அதுக்குப் பேரு வீரம்!”

அவன் சிரித்தான். கண்தான் முதலில் சிரித்தது. வாய் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்துகொண்டது. இமையில் மழைத்துளி வேறு... இப்படிச் சிரிக்கிறவனிடம் எப்படித்தான் சண்டையைத் தொடர்வது?

“இத மட்டும் எங்க கொளஞ்சி கேட்டிருக்கணும், ஒங்கள வுட்டிருக்காது. புதருங்கறது பயந்தாங்கொள்ளிக்கு இல்ல, நேரம் பாக்கத் தெரிஞ்சவனுக்குன்னு சொல்லும்.”

மழை குறையுமுன்னே இறங்கி ஓடிவிட்டான். ஆக்னஸ் அங்கேயே நின்றாள். கொளஞ்சியப்பர் சாமி புண்ணியத்தில் விருத்தாசலத்தில் தெருவுக்கு நாலு கொளஞ்சி இருக்கிறார்கள். ஆனால் ‘எங்க’ கொளஞ்சியாம்... ‘சொல்லும்’மாம்! வேண்டியவளைத்தான் இந்த ஊரில் இத்தனை செல்லமாக ‘அது’ என்பார்கள். அது வந்துச்சு, அது சாப்டுச்சு, அது சொல்லுச்சு...

‘எவளா இருந்தா எனக்கென்ன?’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். காதல் வருமுன்பே பொறாமை வந்துவிட்ட பெண்ணை நீங்கள் பார்த்ததில்லை என்றால், இதோ, குடையில்லாமல் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாளே, அவள்தான்.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் ஆனந்தராஜ் ஆப்டிகல்ஸின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவனே வந்து நின்றான். இருவருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்து, ஒரே நேரத்தில் மூடியது.

“பேரு?”

“வளவன். செராமிக் எஸ்டேட்டுல பர்னேஸ் ஆப்பரேட்டரு. பீங்கான் ஃபியூஸுல்லாம் வேவுமே, அந்தச் சூளைங்க. கண்ணுல தண்ணியா ஊத்துது.”

“ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் போன் பாப்பீங்க?”

“கொளஞ்சி போதும்னு சொல்ற வரைக்கும்.”

கண்ணைச் சோதிக்கும் வளையத்தை அவன் மூக்கில் மாட்டியவள், வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி மாட்டினாள். “ஆ...” என்றான். மனதுக்கு இதமாக இருந்தது.

“இதுல தெளிவாத் தெரியுதா... இல்ல இதுலயா?”

“ரெண்டுலயுமே நீங்க நல்லாத்தான் தெரியறீங்க.”

“எழுத்தப் பாருங்க!”

நாள் முழுக்கக் கண்களைப் பார்ப்பதுதான் ஆக்னஸின் தொழில். சிவந்த கண், புரை விழுந்த கண், பவர் ஏறிய கண்... எந்தக் கண்ணிலும் தன் முகத்தை அவள் தேடியதில்லை. இந்தக் கண்ணில் மட்டும் தேடினாள். தெரிந்தது. பயந்துபோய் விளக்கை அணைத்தாள்.

புதுக் கண்ணாடி வந்த பிறகு, அதன் ஸ்க்ரூ வாராவாரம் கழன்றது. முதலாளி ஆனந்தராஜே ஒருநாள் ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது தானாக் கழல்ற ஸ்க்ரூ இல்லியே தம்பி...” என்று இழுத்தார். வளவன் கூரையைப் பார்த்தான். ஆக்னஸ் தரையைப் பார்த்தாள்.

ஸ்க்ரூ முடுக்குகிற சாக்கில் அவர்கள் விளையாடிய ஆட்டமெல்லாம் கடைக்கு வந்து போயிற்று.

“டெம்பிள் ரன்னு எனக்கு ஆவாதுங்க,” என்பான் அவன். “ஓடறோம், ஓடறோம்... எங்க போய்ச் சேந்தோம்? பெண்ணாடம் பஸ்ஸுகூட ஒரு எடத்துல போயி நிக்குது.”

“நிக்காம ஓடறதுதான் அதுல அழகு. ஒங்களுக்கு எதையாவது சுட்டாத்தான் திருப்தி. லூடோ?”

“சீச்சீ... ஆறு வுழுந்தாத்தான் வூட்ட வுட்டு வெளியவே வரலாம்னா அது என்னா ஞாயம்?”

“எங்க வூட்டுலயும் அப்டித்தான்,” என்று அவள் முணுமுணுத்ததில் அவன் சிரித்தான்.

பண்ணை வைத்து விவசாயம் செய்கிற கேம்தான் அவளுக்கு உயிர். அதை அவன் பேசிய பேச்சு இருக்கிறதே... “வெதச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா அறுவடை. ஸ்ரீமுஷ்ணத்துல எங்க மாமாகிட்ட காட்டினேன். போனத் தூக்கி எறிய வந்துட்டாரு!”

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் அவளுக்கு. சரியாக அந்த நேரம் பார்த்து அவன் சொல்லுவான்: “கிரிக்கெட்டு கேம்ல கொளஞ்சிய அடிச்சுக்க ஆளில்ல.” “பைக் ரேஸு போட்டா தல சுத்துதுன்னு கொளஞ்சி சொல்லுச்சு.” “நேத்து கொளஞ்சி என்னக் காப்பாத்துச்சு பாருங்க...”

சிரிப்பு அப்படியே நின்றுவிடும். வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல எரியும். யாரென்று கேட்டால் சொல்லியிருப்பான். ஆனால் கேட்டால் பொறாமை தெரிந்துவிடுமே! சாப்பாட்டு நேரத்தில் பப்ஜியை இறக்கி, அந்தக் கொளஞ்சியைவிட நன்றாக ஆடிக் காட்டுவது என்று கிளம்பினாள். பாராசூட்டிலிருந்து கால் தரையில் படுமுன்னே செத்தாள். மறுபடி போனாள். மறுபடி செத்தாள். ஆசை இருக்கிறது தாசில் பண்ண!

கூட வேலை பார்க்கும் காவியாதான் தலையிலடித்துக்கொண்டாள். “ஏன்டி, கொளஞ்சின்னா பொம்பளதான்னு ஒனக்கு யாரு சொன்னா? எங்க தெருவுல இருக்கிற கொளஞ்சிக்கு மீசை இம்மாம் பெருசு! இவன்கூட வேல பாக்குற ஆளா இருக்கும். போடி லூசு.”

ஆக்னஸுக்கு நெஞ்சு அப்படியே லேசாகிப் போனது. அட, ஆமாம்! அன்று சாயங்காலம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். பாலக்கரை டீக்கடையில் அவன் இருப்பான் என்று தெரியும். தற்செயலாக எதிர்ப்பட்டதுபோல்...

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் போன். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, ஸ்பீக்கரில் கிழிந்து வந்தது ஒரு பெண்ணின் குரல்.

“டேய் ராசா... என்னத் தனியா வுட்டுட்டு எங்கடா போயிட்ட?”

“ஒன்ன வுட்டுட்டு எங்க போவப் போறேன் கொளஞ்சி? தோ வந்துட்டேன். மொதல்ல நீ சாப்டியா இல்லியா, அதச் சொல்லு...”

ஆக்னஸ் வந்த வழியே திரும்பினாள். மல்லிகையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். ராசாவாம்! இவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, அவள் அங்கே ராசா என்று கொஞ்சுவாளாம்! அழுகை முட்டியது. முகம் தெரியாத ஒருத்தியை இத்தனை வெறுக்க முடியுமா? முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

வீட்டுக்குப் போனதும் அப்பா சவரிராஜின் எதிரில் போய் நின்றாள்.

“அந்த சென்னை மாப்ள வூட்டுக்காரங்கள ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்கப்பா.”

எத்தனையோ தடவை கேட்டும் பிடி கொடுக்காத பெண்... அவர் சந்தோஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் சொல்ல மாதா கோயிலுக்கே போய்விட்டார். அதன் பிறகு ஆக்னஸால் வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

மறுநாள் வளவன் கழன்ற ஸ்க்ரூவோடு வந்தான்.

“இங்க ஸ்க்ரூ தீந்துபோச்சு. வேற கடையப் பாருங்க.”

“என்னாச்சுங்க?”

“ஒண்ணும் ஆவல. ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க வராங்க. லாரன்ஸுன்னு பேரு. சென்னையில வேல. அவரு கேமெல்லாம் வெளையாட மாட்டாராம்.”

‘வேண்டாம்னு சொல்லேன்... ஒரு வார்த்தை சொல்லேன்...’ என்று உள்ளே ஒரு மனசு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியது. அவன் கண்ணாடியை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

“நல்லதுங்க,” என்றான். கதவு மூடிக்கொண்டது.

சனிக்கிழமை. வெளியே தூறல். நூல் புடவை கட்டிய ஓர் அம்மாள், கழுத்தில் இயர்போன் தொங்க, கடைக்குள் வந்தாள். ஃபிரேம்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“ஆக்னஸுங்கறது யாரு?”

“நான்தாங்க. யாருக்குக் கண்ணாடி?”

“கண்ணாடியத் தூக்கி ஒடப்புல போடு. நீதானா அது?” மேலும் கீழும் பார்த்தாள். “ஆக்னஸு சொல்லுச்சு, ஆக்னஸு சிரிச்சுச்சு, ஆக்னஸுக்குப் பப்ஜி புடிக்காது... கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. ஒரு ஆட்டம் முழுசா என்கூட ஆட மாட்டேங்குறான், பாதியில ஒம் பேச்சுதான். சரி, பேசவாவது செய்யறானேன்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. எதிரி வந்து சுட்டா சுடட்டும்னு நிக்கிறான். என்னா பண்ண நீ எம் புள்ளய?”

ஆக்னஸ் கையிலிருந்த கண்ணாடித் துணியைக் கீழே வைத்தாள். “நீங்க...?”

“கொளஞ்சி.”

காவியாவின் கையிலிருந்த டப்பா நழுவி விழுந்தது.

“அம்மாவா...?” என்றாள் ஆக்னஸ். “பேரு சொல்லி... கூப்புடறாரு?”

“நான்தான் சொன்னேன். அவன் திருப்பூர்ல வேல பாத்தப்ப போன் போட்டா, ‘சாப்டேன், நல்லாருக்கேன்’... ரெண்டே பேச்சு, வச்சுருவான். வெளையாட்டுல மட்டும் மணிக்கணக்கா எவங்கூடவோ பேசறான்னு தெரிஞ்சுது. பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட கேட்டு நானும் கத்துக்கிட்டேன். உள்ள போயி அவன் அம்மான்னு கூப்ட்டா மத்ததுங்க கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க. பேரச் சொல்லுடா, நானும் ஒரு ஆட்டக்காரிதானேன்னேன். அப்டியே பழகிப் போச்சு.” மூச்சு வாங்கினாள். “அவன் பேசறதெல்லாம் எனக்குன்னு இருந்துச்சு. நீ வந்த... பொறாமதான். பெத்தவளுக்கு இருக்காதா?”

“எனக்கும்தாங்க,” என்றாள் ஆக்னஸ். அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள். “மழையில பாத்த மொத நாள்லேர்ந்து... ஒங்க மேல... எனக்கு அப்டி எரிஞ்சுதுங்க!”

கொளஞ்சி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்... கண்தான் முதலில் சிரித்தது.

“ஒன்னப் பொண்ணு பாக்க நாளைக்குத்தான வராங்கன்னு சொன்னான்? இன்னும் வரலியே. இப்ப அவனுக்கு டீ டைமு, ஆட்டத்துக்கு உள்ளதான் இருப்பான். இந்தா.”

இயர்போன் ஆக்னஸின் காதுக்கு வந்தது. போன் திரையில் ஒரு வயல்வெளி. நடுவில் ஒருவன் அசையாமல் நின்றான். எங்கிருந்தோ சத்தம்... சரிந்து விழுந்தான்.

“வுழுந்துட்டான்! கிட்ட ஓடி இத அமுக்கு, எழுந்துருவான். ஓடு புள்ள!”

ஆக்னஸ் ஓடினாள். மரத்தில் மோதினாள். மறுபடி ஓடினாள்.

“வுடு கொளஞ்சி,” என்றது வளவனின் சோர்ந்த குரல். “என்னத் தூக்காத. நீயாவது பொழைச்சுக்க.”

“நான் கொளஞ்சி இல்ல.”

சூளையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“...யாரு?”

“கண்ணாடிக் கட. எனக்குப் புதரு புடிக்காது, சுடத் தெரியாது. ஒங்கள மட்டும் புடிச்சிருக்குது. ரொம்ப. ஒங்க அம்மா யாருன்னு தெரியாம, அவங்கமேல பொறாமப்பட்டு, எங்கப்பாகிட்ட சரின்னு சொல்லித் தொலச்சுட்டேன். நீங்க வேற நல்லதுங்கன்னு சொன்னீங்களா...”

“அண்ணே, பதிலச் சொல்லுங்கண்ணே! நாலு பக்கமும் வரானுங்க!” என்று கத்தியது கூட ஆடிக்கொண்டிருந்த முகம் தெரியாத ஒரு குரல்.

“பொய் சொன்னேன் ஆக்னஸு,” என்றான் வளவன். குரல் உடைந்திருந்தது. “நல்லதே இல்ல. அந்த லாரன்ஸு யாருன்னே தெரியாது, அன்னிலேர்ந்து அவன நெனச்சு நெனச்சு வெந்துக்கிட்டு இருக்கேன். நீ இல்லாம எனக்கு ஆவாது. இதச் சொல்லப் பயந்தேன், அவ்ளோதான்.”

திரையில் இருவருமே செத்துப் போயிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை.

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். வளவன் வீடு வேறு கோயில், இவள் வீடு வேறு கோயில்... அப்பா என்ன சொல்வாரோ? ஆனாலும் எண்ணை அழுத்தினாள்.

“அப்பா... நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்கப்பா. தப்பு என்னுதுதான். நான் ஒருத்தர விரும்பறேன். பேரு வளவன்.”

அந்தப் பக்கம் சவரிராஜ் கனைத்தார். “யாரும்மா அது? யாரு வூட்டுப் புள்ள?”

ஆக்னஸ் போனைக் கொளஞ்சியிடம் நீட்டினாள். கொளஞ்சி ஓரடி பின்வாங்கினாள். நாலு பக்கமும் எதிரி வந்தாலும் அசராதவளுக்கு முகம் வெளிறிப் போயிற்று. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் போனை வாங்கினாள்.

“வணக்கங்க... நான் கொளஞ்...”

நிறுத்தினாள். ஆக்னஸின் ஈரக் கண்களைப் பார்த்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“நான் வளவனோட அம்மா பேசறேங்க.”