காரணக் கட்டம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த கோப்பைத் திறந்தவளுக்கு அந்தக் கட்டம்தான் உறுத்தியது. எப்போதும் காலியாக வரும் கட்டம். முடிவை எந்திரம் எடுக்கும், அதற்குக் கீழே காரணம் எழுதுவது அவள் வேலை. இன்று அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது.

"பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருப்பதால் கருவி தேவையில்லை."

அவளுடைய வரிதான் அது. ஆனால் இந்தக் கோப்பில் அவள் இன்னும் கையே வைக்கவில்லை.

நோயாளிகளின் வீடுகளுக்குக் கருவிகளை இரவல் கொடுக்கும் அலுவலகம் அது. எந்த வீட்டுக் கருவியை அங்கிருந்தபடியே நிறுத்துவது என்று எந்திரம் எப்படித் தீர்மானிக்கிறதோ, மேலாளருக்கே தெரியாது. ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும் என்று விதி. அதற்காகவே அவளைப் போலச் சிலரை வீட்டிலிருந்து எழுத வைத்திருந்தார்கள். கோப்பில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அவளும் வாய்க்கு வந்ததை எழுதுவாள். அலுப்பான நாட்களில் இந்த ஒரே வரியை நூறு பேருக்கு ஒட்டித் தள்ளியிருக்கிறாள்.

அடுத்த அறையில், வெயில் பட்டுச் சூடான ரப்பர் குழாயின் வாசனைக்கும் மருந்து நெடிக்கும் நடுவே, தம்பியின் ஆக்சிஜன் கருவி உஸ்ஸென்று இழுத்து டக்கென்று விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுகிறாள்.

"என்ன காரணக்காரி," என்று தம்பி மூச்சு வாங்கியபடி குரல் கொடுத்தான். "இன்னைக்கு யார் வயித்துல அடிச்சே?"

"சும்மா கிடடா," என்று சொல்லிவிட்டு மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், என் கட்டத்துல யாரோ எழுதியிருக்காங்க."

"யாரும் இல்லம்மா. நீங்க எழுதினதையெல்லாம் படிச்சு எந்திரம் பழகிடுச்சு. இப்போ அதை வச்சுத்தான் முடிவே எடுக்குது. உங்களுக்கும் வேலை மிச்சம்தானே?"

"நான் எதையும் பார்த்து எழுதலை சார்! சும்மா எழுதினது அது!"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில சொல்லிடாதீங்க. கையெழுத்து உங்களோடது," என்று வைத்துவிட்டார்.

பாவி. அவரைத் திட்டத் திட்ட, தன் மேலும் கோபம் ஏறியது. படிக்காமல் ஒட்டிய அந்த நூறு வீடுகளிலும் யார் படுத்திருந்தார்கள்? ஒருமுறையாவது கேட்டாளா? முதன்முறையாகக் கோப்பின் எண்ணை நிதானமாகப் படித்தாள். எங்கோ பார்த்த எண்.

தினமும் ஈரத் துணியால் துடைக்கும் எண். தம்பியின் கருவியில் ஒட்டியிருக்கும் எண்.

நிறுத்தும் நேரம்: மாலை நான்கு மணி. கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு.

மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்தினாள். சுற்றிச் சுற்றி அந்த மனு அவளுடைய திரைக்கே வந்து நின்றது. அலுவலகத்தின் அவசர எண்ணை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, இருபது நிமிடம் ஆகும் என்றது எந்திரக் குரல். வீட்டிலிருந்த ஆக்சிஜன் உருளையைப் போன வாரமே எடுத்துப் போயிருந்தார்கள். அதற்கும் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கும். யார் எழுதியது?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் ஓடினாள்.

உஸ். டக்.

உஸ்.

டக் வரவில்லை.

கருவியின் பச்சை விளக்கு அணைந்தது. அறையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. தம்பியின் உதடு நீலமானது. "அக்கா," என்றான். அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்தினாள். மின்செருகியைப் பிடுங்கி மறுபடி செருகினாள். கையால் அடித்தாள். காலால் உதைத்தாள். பிறகு அவன் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். அவன் நெஞ்சு எழுந்தது. இன்னொரு மூச்சு. இன்னொன்று.

கட்டில் ஓரத்தில் மடிக்கணினி திறந்து கிடந்தது. அதன் கேமரா விளக்கு எரிந்தது. மறுபரிசீலனைக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"உடன்பிறந்தவள் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கருவி தேவையில்லை. வழியிலிருக்கும் ஆம்புலன்ஸ் திரும்பலாம்."

கீழே அவள் கையெழுத்து.

கத்த வேண்டும். வாயை எடுக்க முடியவில்லை.